கம்பெனி மூழ்கினால் பங்கு என்ன ஆகும்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனி திவால் மனு போட்டுவிட்டது. ஆனால் பங்கு இன்னும் சொற்ப விலைக்குக் கைமாறுகிறது. காத்திருந்தால் ஏதாவது தேறுமா?

பதில்: பெரும்பாலும் தேறாது. சொத்தை விற்று வரும் பணம் முதலில் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும். பிறகு சம்பள பாக்கி, வரி, மற்ற கடன்கள் (நாட்டுக்கு நாடு வரிசை கொஞ்சம் மாறும்). சாதாரணப் பங்குதாரர் உட்காருவது கடைசிப் பந்தியில். அதற்குள் பானை காலியாகியிருக்கும்.

கம்பெனி பிழைப்பது வேறு, பங்கு பிழைப்பது வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 2009-ல் திவாலாகி, 2010-ல் புதுப் பங்குகளோடு சந்தைக்குத் திரும்பியது. பழைய பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 2020-ல் திவாலான கார் வாடகைக் கம்பெனி ஹெர்ட்ஸின் பங்குதாரர்களுக்குக் கணிசமாகக் கிடைத்தது உண்மைதான். அது அபூர்வம், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: விலை இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் செய்தேன். அதில் என்ன தப்பு?

பதில்: 100 விலையில் 100 பங்கு வாங்கினால் போட்ட பணம் 10,000. 50-க்கு இன்னொரு 100, 25-க்கு இன்னொரு 100 என்று சேர்த்தால் சராசரி சுமார் 58-க்கு வந்துவிடும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் போட்ட பணம் இப்போது 17,500. விலை பூஜ்யமானால் போவது 10,000 அல்ல, 17,500. அப்படியே நின்றாலும், அசலை எடுக்க 25-லிருந்து 133 சதவீதம் ஏற வேண்டும்.

சந்தை மொத்தமும் விழுந்து, கடன் குறைந்த நல்ல கம்பெனியும் கூடவே விழுந்திருந்தால் ஆவரேஜ் செய்வதில் நியாயம் உண்டு. கடன்சுமையுள்ள கம்பெனி தனியாக விழுந்தால் கையை எடுத்துவிடுங்கள். இந்தப் பங்கு கையில் இல்லாதிருந்தால் இன்று இந்த விலைக்கு வாங்குவேனா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவரேஜ் செய்யும் பணத்தையும் சேர்த்து, ஒரு கம்பெனிக்கு மொத்த முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: லாபம் காட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். எதைப் பார்த்துச் சுதாரித்திருக்கலாம்?

பதில்: லாபத்தை விட்டுவிட்டு ரொக்கத்தைப் பாருங்கள். ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டி, அதே ஐந்து வருடத்தில் தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தோடு ஒப்பிடுங்கள். ரொக்கம் பாதிகூட இல்லையென்றால் காரணம் தேடுங்கள். விற்பனை 15 சதவீதமும் வாடிக்கையாளர் பாக்கி 60 சதவீதமும் ஏறியிருந்தால், சரக்கு போயிருக்கலாம், பணம் வரவில்லை. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் வட்டிச் செலவைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லையென்றால் ஒரு மோசமான வருடத்தைத் தாங்காது.

வங்கியில் இருப்பதாகச் சொல்லும் பணத்தையும் சோதியுங்கள். வட்டி வருமானத்தை வருட ஆரம்ப, முடிவு இருப்புகளின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். டெபாசிட் வட்டி 6 சதவீதமாக இருக்கும்போது 1 சதவீதம்தான் வருகிறதென்றால் அந்தப் பணம் அங்கே இருக்கிறதா என்பதே சந்தேகம். சத்யம் என்ற இந்திய சாப்ட்வேர் கம்பெனி கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரியில் தெரிந்தது. வயர்கார்டு என்ற ஜெர்மன் பணப்பட்டுவாடா கம்பெனியில் 2020-ல் காணாமல் போனது 190 கோடி யூரோ. கையில் இவ்வளவு ரொக்கம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே கடனும் வாங்கும் கம்பெனியைக் கண்டால் விலகுங்கள். ஆடிட்டர் பதவிக்காலம் முடியுமுன் விலகினாலும் அப்படியே.

கேள்வி: ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா?

பதில்: ஸ்டாப் லாஸ் என்பது, விலை ஒரு அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்பே போட்டு வைக்கும் ஆர்டர். மெதுவாக இறங்கும் பங்கில் உதவும். கெட்ட செய்தி இரவில் வந்தால் உதவாது. 90-க்கு ஸ்டாப் போட்டிருப்பீர்கள், காலையில் சந்தை 60-ல் திறக்கும், அங்கேதான் விற்கும். இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் விலை வைத்திருந்தால் விற்காமலே கிடக்கும். சத்யம் பங்கு ஒரே நாளில் 75 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இந்த மாதிரி அடிக்கு, ஆரம்பத்திலேயே குறைவாக வாங்கியிருப்பதுதான் காப்பு.

கேள்வி: மிச்சத்தை விற்கலாமா, அப்படியே விடலாமா?

பதில்: வர்த்தகம் நடக்கும்போதே விற்றுவிடுங்கள். விற்காத நஷ்டத்தை வரிக் கணக்கில் கழிக்கப் பல நாடுகளில் விடமாட்டார்கள். பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் வாங்க ஆள் தேடுவதே பெரும்பாடு. விற்ற ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.