பிரசவ பயம் மனைவியை விடவில்லை, என்ன செய்வது?

அவசர சிசேரியன், குழந்தை சில நாள் என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு). இரண்டு மாதமாகியும் மனைவி திடுக்கிட்டு எழுகிறார், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நடுங்குகிறார் என்று தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். ஒரு மாதம் தாண்டியும் பிரசவ நாளின் காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால் அது மன அதிர்ச்சியின் பாதிப்பாக இருக்கலாம். சிகிச்சையில் குணமாகும், மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சை நன்றாகவே உதவும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

"குழந்தைதான் நல்லா இருக்கே, அப்புறம் என்னம்மா?" என்று வீட்டுப் பெரியவர்கள் பாசத்தில்தான் கேட்பார்கள். ஆனால் அதைக் கேட்டதும் மனைவி வாயை மூடிக்கொள்வார். அவர் பேசும்போது நீங்கள் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ராத்திரி ஒரு வேளையாவது குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு அவரைத் தூங்க விடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப்போய், அன்றைக்கு ஏன் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள் என்று மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். காரணம் தெரியாததாலேயே தன்மேல் பழி போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் நிறைய.

பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள்.

உங்களுக்கும் தூக்கம் போயிருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றவருக்கும் இந்த அதிர்ச்சி வரலாம்.