ஐந்து பேரும் ஒரு பலகையும்

கேள்வி: 'பீச் பாய்ஸ்' குழு கடல், கார், வெயில் என்று ஜாலியாகப் பாடிக்கொண்டிருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அசல். பிரையன் வில்சன் ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சைக்கிள் மணி, நாய் குரைப்பு என்று எதையெதையோ சேர்த்துக் கெடுத்துவிட்டார். இதைப் போய் 'வளர்ச்சி' என்று கொண்டாடுகிறீர்களே, ரசிகனை ஏமாற்றுவதற்குப் பெயர் வளர்ச்சியா?
— வாசகர், கோவை

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. கலிபோர்னியாவின் ஹாதோர்ன் ஊரில் 1961-இல் சேர்ந்த குழு அது. பிரையன், டென்னிஸ், கார்ல் என்று மூன்று அண்ணன் தம்பிகள், அத்தை மகன் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின். இந்த ஐந்து பேரில் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கியவர் டென்னிஸ் ஒருவர்தான். ஊரெல்லாம் இதே பேச்சாக இருக்கிறது, இதை வைத்து ஒரு பாட்டுப் போடு என்று அண்ணன் பிரையனிடம் சொன்னவரும் அவரே. அண்ணன் அலைப்பக்கமே போகாதவர். நீங்கள் எதை அவருடைய அசல் என்கிறீர்களோ, அது தம்பி கொடுத்த சட்டை.

சர்ஃப் இசையை, அதாவது அலைச்சறுக்கின் இசையை, ஒலியிலேயே கொண்டுவந்தவர் வேறொருவர்: கிட்டார்காரர் டிக் டேல். லெபனானியத் தந்தைக்குப் பிறந்தவர்; அலையில் ஏறியவரும்கூட. கிட்டார் தந்தியை விடாமல் படபடவென்று அடித்து, எதிரொலி சேர்க்கும், ஸ்பிரிங் வைத்த ரிவெர்ப் பெட்டி வழியாக அதை ஈரமாக வெளியே விடுவார். ஒரு வார்த்தை பாடாமலேயே கடல் கேட்கும். பீச் பாய்ஸிடம் கடல் இருந்தது பாட்டு வரிகளில்தான். 1963-இல் அவர்களைத் தூக்கி நிறுத்திய 'சர்ஃபின் யுஎஸ்ஏ'வின் மெட்டோ ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியுடையது. அதைக் குறை சொல்லவில்லை, இரவல் மெட்டில் நல்ல பாட்டுகள் நிறைய உண்டு. ஆனால் 'அசல்' என்ற சொல்லை எடுத்தவர் நீங்கள்.

சரி, அப்படியானால் பிரையனுடையது எது? குரல்கள். 'ஃபோர் ஃப்ரெஷ்மென்' என்ற நான்கு குரல் குழுவின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு குரலும் எங்கே போகிறது என்று தனித்தனியாகப் பிரித்தெடுத்து, வீட்டில் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பையன் அவர். அதே 1963-இல் 'சர்ஃபர் கேர்ள்' என்று ஓர் ஆல்பம். பெயரிலேயே அலை அடிக்கிறது. அதற்குள் 'இன் மை ரூம்' என்று ஒரு பாட்டு, தன் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிற பையனைப் பற்றியது. கடற்கரை ஆல்பத்துக்குள் ஒரு மூடிய அறை! அவர் ஸ்டூடியோவுக்குள் போனது 1966-இல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மனதளவில் அவர் வெளியே வந்ததே இல்லை.

1964 டிசம்பரில் ஹூஸ்டனுக்குப் போகும் விமானத்தில் அவர் பதற்றத்தில் உடைந்து அழுதார். அதற்குப் பிறகு மேடைப் பயணங்களை விட்டுவிட்டார். மற்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டுகளைப் பாட, இவர் வாடகைக்கு வந்த தேர்ந்த வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு புதியவற்றைச் செய்தார். வரிகளுக்கு டோனி ஆஷர்; விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். 1966 மே மாதம் வந்தது 'பெட் சவுண்ட்ஸ்'. கடைசியில் குரைக்கும் நாய்கள் பிரையனுடையவைதான். பனானா, லூயி என்று பெயர். பாட்டு முடிந்து, ரயில் ஒன்று கடந்து போக, அவை குரைக்கின்றன. வேடிக்கைக்காக ஒட்டியதாகத் தெரியும். அந்தக் கடைசிப் பாட்டின் வரிகளைக் கேட்டுவிட்டு வந்தால் சிரிப்பு வராது.

இந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 10-ஆம் இடத்தோடு நின்றது, பிரிட்டனில் 2. இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் பழைய பாட்டுகளைத் தொகுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டது. நீங்கள் சொல்லும் அதே 'ரசிகன்' தான் அப்போதும் காரணம்.

ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற மூன்றரை நிமிடப் பாட்டைப் பல ஸ்டூடியோக்களில், மாதக்கணக்கில், துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டினார். அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே முறையில் ஒரு முழு ஆல்பத்தையே செய்யப் போனார். 'ஸ்மைல்' 1967-இல் கைவிடப்பட்டது. பதிலுக்கு வந்த 'ஸ்மைலி ஸ்மைல்' சோகை பிடித்த ஆல்பம். அன்று ஏமாந்த ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் குழு கெட்டது அப்போதல்ல. 1974-இல் 'எண்ட்லெஸ் சம்மர்' என்று 1965 வரைக்குமான பாட்டுகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார்கள். முதலிடம். அன்று முதல் கூட்டம் கேட்டது பழசைத்தான், குழு கொடுத்ததும் பழசைத்தான். 1988-இல் பிரையன் இல்லாமல் 'கோகோமோ' என்று இன்னொரு கடற்கரைப் பாட்டு, மறுபடி முதலிடம். உங்களுக்குப் பிடித்த பீச் பாய்ஸ் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன புகார்? பிரையன் 'ஸ்மைல்' ஆல்பத்தை முடித்து மேடையேற்றியது 2004-இல், 61 வயதில், வேறு வாத்தியக்காரர்களோடு.

'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை இன்னொரு முறை கேட்கப் போனால், இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வரும் மோனோ பதிவைத் தேடிப் பிடியுங்கள். பிரையனுக்கு வலது காது ஏறத்தாழ கேட்காமலே இருந்தது. அவர் காதில் விழுந்தது அதுதான்.