சரிவான புல்வெளிக்கு எந்த வண்டி?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு ஏக்கர் புல்வெளியுடன் வீடு வாங்கியிருக்கிறோம். பின்புறம் சரிவானது. அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியில் எதை வாங்கலாம்?
– வாசகி, கொலம்பஸ்

பதில்: குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் சரிவை அளந்துவிடுங்கள், 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாதென்றே தயாரிப்பாளர்களின் கையேடுகள் பெரும்பாலும் எச்சரிக்கின்றன. இரு நெம்புகோல்களால் நின்ற இடத்திலேயே திரும்பும் ‘சீரோ டர்ன்’ வண்டி, மரங்கள் நிறைந்த சமதளத்தில் வேலையை விரைவாக முடிக்கும் என்றாலும், ஈரப்புல்லில் அதன் பின்சக்கரங்கள் வழுக்கினால் திருப்பவும் நிறுத்தவும் இயலாமல் போகும் என்பதால், உங்களுக்கு ஸ்டியரிங் உள்ள டிராக்டர் வகையையே பரிந்துரைப்பேன். அதையும் சரிவில் குறுக்காக ஓட்டாமல், மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும்.

ஒரு ஏக்கருக்கு 42 அங்குல வெட்டு அகலம் போதும். ஆனால் புல்லை வெளித்தள்ளும் பக்கவாட்டு மூடி அந்த 42 அங்குலத்துக்கு வெளியே நீண்டிருக்கும். ஆகவே வேலிக்கதவையும் அளந்துகொள்ளுங்கள்.

கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குழந்தைகள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் மடியில் அமர்த்தி ஓட்டாதீர்கள். ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் வெட்டுக்கத்தியை நிறுத்தும் பாதுகாப்பு விசை, மடியிலிருந்து தவறி விழும் குழந்தையை உணராது.