ஆசிட் பேரு குழப்புதே!

கேள்வி: சார், ஹெச்சிஎல்-னா ஹைட்ரோகுளோரிக், ஆனா ஹெச்சிஎல்ஓ3-னா வெறும் குளோரிக். ஹைட்ரஜன் ரெண்டுலயும்தானே இருக்கு, அப்புறம் ஹைட்ரோ எங்க போச்சு?

பதில்: ஹைட்ரஜன பாக்காதீங்க, அது எல்லா ஆசிட்லயும் இருக்கும், ஆக்சிஜன் இருக்கான்னு பாருங்க. ஆக்சிஜன் இல்லாட்டி ஹைட்ரோ போட்டு இக்-ல முடிப்போம், ஹெச்சிஎன் கூட ஹைட்ரோசயனிக் ஆசிட்தான். இதுவும் தண்ணில கரைஞ்சிருந்தா மட்டும், கேஸா இருக்குற ஹெச்சிஎல்லுக்கு பேரு ஹைட்ரஜன் குளோரைடு.

ஆக்சிஜன் இருந்தா ஹைட்ரோ கெடையாது, ஹைட்ரஜன எடுத்துட்டு மிச்சம் இருக்குற அயனி பேர பாக்கணும், அது ஏட்-ல முடிஞ்சா ஆசிட் இக், ஐட்-ல (நைட்ரைட், சல்ஃபைட் மாதிரி) முடிஞ்சா அஸ். நைட்ரேட்னா நைட்ரிக், நைட்ரைட்னா நைட்ரஸ். ஆக்சிஜன எண்ணியே பேரு வச்சிடலாம்னு சில பேரு நெனைக்கிறாங்க பாருங்க, அங்கதான் மாட்டுவாங்க, ஏன்னா ஹெச்என்ஓ3 நைட்ரிக், ஆனா ஹெச்2எஸ்ஓ3 சல்ஃபியூரஸ், ரெண்டுலயும் 3 ஆக்சிஜன்தான். அதனால அயனி பேர மனப்பாடம் பண்றத தவிர வேற வழியில்ல, போரிங்தான், என்ன பண்றது!

குளோரின் குடும்பத்துல ஆக்சிஜன் உள்ள ஆசிட் நாலு இருக்கு, ஆக்சிஜன் 1-ல இருந்து 4 வரைக்கும் வரிசையா ஹைப்போகுளோரஸ், குளோரஸ், குளோரிக், பெர்குளோரிக்.