கல்லாச் சாவி கைமாறினால்...

கேள்வி: ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் 6 ஆண்டுகளாகக் கணக்கும் காசாளர் வேலையும் பார்க்கிறேன். ஒரு மாதமாகக் கல்லாச் சாவி என்னிடம் இல்லை. நான் போட்ட வவுச்சர்களை இன்னொருவர் மறுபடி பார்க்கிறார். முதலாளி முகம் கொடுத்தே பேசுவதில்லை, காரணமும் சொல்லவில்லை. நேரடியாகக் கேட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கேட்கத்தான் வேண்டும். ஆனால் "என் மேல் சந்தேகமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சேச்சே, அதெல்லாம் இல்லை" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சாவி மட்டும் திரும்பி வராது.

கேட்பதற்கு முன்னால் சாவி போன தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய 2 வாரக் கணக்கை நீங்களே புரட்டுங்கள். விடுபட்ட வவுச்சர் எண், இருமுறை ஏறிய பில், கையெழுத்தில்லாத முன்பணச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ரொக்கம் உதைத்தால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. திருட்டு என்று நினைக்கப்பட்டது வெறும் கைத்தவறாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக்கூடாது என்பது தணிக்கையின் பாலபாடம். ஆடிட்டர் சொல்லி வேலையைப் பிரித்துவிட்டு, உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரோ என்னவோ!

கல்லா மூடும் நேரத்தில் போகாதீர்கள். தனியாக 15 நிமிடம் கேட்டு வாங்குங்கள். "இந்தத் தேதியிலிருந்து சாவி என்னிடம் இல்லை, வவுச்சர்களும் மறுபடி பார்க்கப்படுகின்றன. என் வேலையில் என்ன குறை என்று சொன்னால் சரிசெய்துகொள்வேன்." இவ்வளவு போதும். பிறகு வாயைத் திறக்காதீர்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதுதான் பலரும் சறுக்கும் இடம். அவர் ஏதாவது சொன்னால் எந்தத் தேதி, எந்த வவுச்சர் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு, "பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று வந்துவிடுங்கள்.

பணம் குறைகிறது என்றால் கைக்காசைப் போட்டு நிரப்பவே நிரப்பாதீர்கள். எடுத்ததைத் திருப்பி வைத்ததாகத்தான் அது தெரியும். உங்கள் முன்னிலையில் எண்ணச் சொல்லுங்கள். எந்த நோட்டு எத்தனை என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆதாரம் திரட்டுவதாக நினைத்துப் பேரேட்டைச் செல்போனில் படமெடுப்பதும் வேண்டாம். இல்லாத குற்றத்துக்குப் பதில் உண்மையான குற்றமாக அது மாறிவிடும்.

அப்போதும் காரணம் சொல்லவில்லையா? சாவியை ஒப்படைத்த தேதி, அன்றைய ரொக்க இருப்பு, கடைசியாகப் பயன்படுத்திய காசோலை எண் மூன்றையும் எழுதி அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கல்லாவில் ஏதாவது குறைந்து, கேள்வி உங்களிடம் வந்தாலும் காட்டுவதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும்.