விட்மன் நம்மைப் பார்த்தாரா? அமெரிக்கக் கவிதை குறித்துக் கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): தலைமுறைகளைத் தாண்டிய உறவைப் பேசும் அமெரிக்கக் கவிதைகளில் எதை முதலில் படிக்கலாம்?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் 'கிராஸிங் புரூக்ளின் ஃபெர்ரி'. நியூயார்க்கில் ஆற்றைப் படகில் கடப்பதைப் பற்றியது. 1856இல் வேறு தலைப்பில் வந்தது, 1860இல் இந்தப் பெயர் பெற்றது. மற்றவர்கள் காத்திருக்கட்டும்.

கேள்வி (வங்கி ஊழியர்): படித்தேன். ஆறு, படகு, புகைபோக்கி என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பொறுமை போய்விட்டது.

பதில்: மூன்றாம் பகுதியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். டிசம்பர் மாதத்துக் கடற்காகங்கள் சிறகை அசைக்காமல் மிதக்கின்றன. மாலை வெயில் பட்ட இடம் மஞ்சளாக மின்ன, மீதி உடல் நிழலில் கிடக்கிறது. படகின் விளிம்பில் குனிந்து பார்த்தால் நீரில் தன் தலையின் நிழல், அதைச் சுற்றி ஒளிக்கதிர்கள். 'நூறு ஆண்டு கழித்து இதே ஆற்றைக் கடப்பவர்களும் இதைத்தான் பார்ப்பார்கள்' என்பதுதான் அவர் வாதம். அதற்கு அவர் காட்டும் சாட்சிகள்தான் நீங்கள் அலுத்துக்கொண்ட அந்தப் பட்டியல். கடைசிப் பகுதியில் அதே கதிர்களை மறுபடி அழைக்கிறார்: என் தலையிலிருந்து, அல்லது யார் தலையிலிருந்தாவது விரியுங்கள் என்கிறார். புனிதர்களின் படத்தில் இருக்கும் ஒளிவட்டத்தைப் படகுப் பயணி எவருக்கும் கொடுத்துவிட்டார் மனிதர்!

கேள்வி (ஆசிரியர்): பின்னால் வருபவர்கள் தன்னை நினைக்க வேண்டும் என்ற ஆசைதானே இது?

பதில்: ஆசை இல்லாமலா? ஆனால் ஆறாம் பகுதியில் அவர் எதைச் சொல்லி நம்மை நெருங்குகிறார் என்று பாருங்கள். பொய் சொன்னேன், திருடினேன், மனத்தில் வஞ்சம் வைத்தேன், ஓநாயும் பாம்பும் பன்றியும் எனக்குள்ளும் இருந்தன என்கிறார். இன்னொரு அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1838இல் எழுதிய 'எ சாம் ஆஃப் லைஃப்' கவிதையில், பெரியோரைப் போல நாமும் காலமணலில் அடிச்சுவடு விட்டுப்போகலாம் என்கிறார். பின்னால் வருபவர் அதைப் பார்த்துத் தேறிக்கொள்வாராம். பள்ளி ஆண்டுவிழாவுக்கு அது பொருத்தம். எனக்கு விட்மன் போதும்.

கேள்வி (சுற்றுலா செல்பவர்): அந்தப் படகு இன்னும் ஓடுகிறதா?

பதில்: 1883இல் அதே ஆற்றின் மேல் புரூக்ளின் பாலம் திறந்தார்கள். விட்மன் பாடிய பழைய ஃபுல்டன் படகுச் சேவை 1924இல் நின்றது. இப்போது அதே கரையிலிருந்து புதிய சேவை நடக்கிறது. துறையின் கைப்பிடிக் கம்பிகளில் இந்தக் கவிதையின் வரிகளை வெட்டிவைத்திருக்கிறார்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர்): பிறகு வந்த கவிஞர்கள் பதில் சொன்னார்களா?

பதில்: எஸ்ரா பவுண்ட் 1913இல் ஒரு கவிதையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே விட்மனிடம் சமாதானத்துக்கு வந்தார்: பிடிவாதக்கார அப்பாவிடம் வளர்ந்த பிள்ளை வருவதுபோல வருகிறேன், நமக்கு வேர் ஒன்றுதானே என்று. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் 'ஐ, டூ' இன்னும் கூர்மையானது. அமெரிக்கா பாடுவதைக் கேட்கிறேன் என்று விட்மன் எழுதியிருந்தார். நானும் பாடுகிறேன் என்கிறார் ஹியூஸ். விருந்தாளி வந்தால் சமையலறையில் உண்ண அனுப்பப்படும் கறுத்த சகோதரனின் குரலில். தமிழில் பாரதி விட்மனைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

கேள்வி (இல்லத்தரசி): முன்னோருடன் உறவு என்றால் எப்போதும் நல்லதுதானா?

பதில்: ராபர்ட் ஃபிராஸ்ட்டின் 'மென்டிங் வால்' (1914) படியுங்கள். ஒரு பக்கம் பைன், மறுபக்கம் ஆப்பிள் மரங்கள். நடுவில் சுவரே தேவையில்லை என்கிறார் கவிதைசொல்லி. பக்கத்து நிலத்துக்காரரோ, நல்ல வேலி இருந்தால்தான் நல்ல அயலார் என்று தந்தை சொன்னதையே திரும்பச் சொல்கிறார். அதைத் தாண்டி யோசிக்க மாட்டார். ஆனால் ஒன்று: சுவரைச் சரிசெய்யலாம் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் அவருக்குச் சொல்லி அனுப்புவது, கேலி செய்யும் கவிதைசொல்லிதான்.