இலங்கையில் பொலிஸார் அடித்தாலோ இலஞ்சம் கேட்டாலோ எங்கே முறையிடுவது?

இலஞ்சம் என்றால் காசு கொடுக்க முன்னரே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள். கேட்டவர் யார், எவ்வளவு, எங்கே எப்போது தரச் சொன்னார் என்று சொன்னால்தான் சுற்றிவளைக்க முடியும். கொடுத்த பிறகு நிரூபிப்பது கடினம், கொடுப்பதும் குற்றம்.

அடித்தார்கள் என்றால் நாள் கணக்குத்தான் முக்கியம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரே ஒரு மாதம்தான் இருக்கிறது. பலர் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து இதைத் தவறவிடுகிறார்கள். அங்கே எழுதுவதால் ஒழுக்காற்று விசாரணை வரலாம், மாதக் கணக்கு நிற்காது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்டும்படி நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆகவே ஆணைக்குழுவின் கடிதங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் மாதத்துக்குள்ளேயே மனுவையும் போட்டுவிடுங்கள்.

காயம் ஆற முன் அரசாங்க வைத்தியசாலையில் நோயாளியாகச் சேர்ந்து, அடித்தது பொலிஸார்தான் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். பயத்தில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்வது பிறகு வழக்கையே கவிழ்த்துவிடும். காவலில் இருந்தால் நீதவான் முன் நிறுத்தும்போது வாய் திறந்து சொல்லி, காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேளுங்கள்.

மனுவில் வென்றால் நட்டஈடு கிடைக்கும், ஆனால் அடித்தவர் சிறைக்குப் போகமாட்டார். அதற்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டத்தின்கீழ் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். தண்டனை 7 முதல் 10 ஆண்டு. இந்த இடைவெளியில்தான் பல வழக்குகள் நின்றுபோகின்றன, அது பெரிய அநியாயம். உதாரணமாக, மூத்த பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னகோன் சித்திரவதை தொடர்பில் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2024இல் அவர் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது.

வடக்கு கிழக்கில் இன்னொரு சிக்கல், வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பது. விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள், தமிழில் எழுதக் கேளுங்கள். வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், "எனக்கு வாசித்து விளங்கப்படுத்தவில்லை" என்று கையெழுத்துக்கு மேலேயே தமிழில் எழுதிவிடுங்கள்.